போனில் சார், நேரில் பாப்பா

கடையில் சேர்ந்த முதல் நாள், முதல் போனிலேயே அவள் 'சார்' ஆகிவிட்டாள்.

அதற்காக அவள் ஒன்றும் செய்யவில்லை. மணி அடித்தது, எடுத்தாள், "சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் கத்துவதற்கென்றே மூச்சை இழுத்து வைத்திருந்த ஒரு பெண்மணி, இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, "சார், மூணு நாளா ஏசி குளிரவே இல்ல சார்" என்று பணிவாகச் சொன்னார். பதினாறு வயது வரை அவளிடம் யாரும் பணிவாகப் பேசியதில்லை. திருத்தலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு, "ரிமோட்ல என்ன காட்டுது?" என்று கேட்டுவிட்டாள்.

எல்லாம் குரலால் வந்தது. பன்னிரண்டு வயதில் சளி பிடித்துக் கட்டிய தொண்டை அதன் பிறகு தெளியவே இல்லை. குரல் கனத்து, இறங்கி, அடித்தொண்டையில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நர்ஸாக இருக்கும் அம்மா தன் மருத்துவமனையிலேயே தொண்டை டாக்டரிடம் காட்டினாள். கோளாறு எதுவும் இல்லை, இதுதான் இவள் குரல் என்று சொல்லிவிட்டார் அவர். கோளாறு என்று சொல்லியிருந்தால் மாத்திரையாவது கிடைத்திருக்கும். பள்ளியில் அவளுக்குப் பெயர் 'அண்ணே'. நாடகம் என்றால் திரைக்குப் பின்னால் நின்று பூதத்துக்குக் குரல் கொடுப்பது அவள் பொறுப்பு. போதாக்குறைக்கு உயரம் வேறு கிடுகிடுவென்று ஏறியது. உயரத்தை மறைக்கக் கூன் போட்டாள், குரலை மறைக்க வாயை மூடினாள். கையையும் காலையும் எங்கே வைப்பது என்பது மட்டும் கடைசி வரை பிடிபடவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் மேசையை இடிக்கும், எழுந்தால் முழங்கை யாருடைய டீயையாவது கவிழ்க்கும்.

அந்தக் கோடை விடுமுறையில் வகுப்புத் தோழிகள் எல்லோரும் நீச்சல் பயிற்சியில் சேர்ந்தார்கள். இவளும் ஒரு நாள் போனாள். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகைப் பட்டியலை நிரப்பிய பயிற்சியாளர், இவள் பேர் சொன்ன குரலைக் கேட்டு ஆண்கள் பக்கத்தில் எழுதிவிட்டார். குளமே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்றாள், அதற்கு அடுத்த நாளும் வயிற்றுவலி என்றாள். நான்காம் நாள் அம்மா, பகலெல்லாம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே என்று தன் தம்பியின் கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

மாமாவுடையது ஏசியும் ஃப்ரிட்ஜும் பழுதுபார்க்கும் கடை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு கம்ப்ளெய்ன்ட் நோட்டு. பின்னறையில் வயிற்றைத் திறந்து போட்ட ஏசிகள், கேஸ் சிலிண்டர்கள், தூசி அப்பிய ஃபில்டர்கள். மற்ற மாதங்களில் அந்தப் போன் இருப்பதே தெரியாது. வெயில் ஏறினால் பசித்த குழந்தை மாதிரி வீறிடும். போன் எடுத்துக்கொண்டிருந்த பெண் வேறு வேலைக்குப் போய்விட்டதால் மாமாவே எடுத்தார், எடுத்து வாடிக்கையாளர்களோடு சண்டை போட்டார். சண்டையில் பெரும்பாலும் அவரே ஜெயித்தார். அதுதான் சிக்கல்.

ஒரு வாரத்துக்குள் அவளுக்குத் தொழிலின் முக்கால்வாசி பிடிபட்டுவிட்டது. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏசிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ரிமோட்டில் யாரோ ஃபேனை மட்டும் ஓடவிட்டிருப்பார்கள், அல்லது ஃபில்டரைக் கழுவி இரண்டு வருடம் ஆகியிருக்கும், அல்லது ஸ்டெபிலைசர் ஸ்விட்ச்சை வீடு பெருக்குகிறவர்கள் தட்டி அணைத்திருப்பார்கள். ஆள் அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பல வீடுகளில் நான்காவது கேள்வியிலேயே குளிர் வந்துவிட்டது. மெக்கானிக்குகள் வெட்டியாக மாடி ஏறுவது நின்றது. வாடிக்கையாளர்கள், "முதலாளி வேண்டாம், மேனேஜர் சார்கிட்ட குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவள் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. அனுப்புறேன், பாக்கறேன், விசாரிக்கிறேன் என்றுதான் சொன்னாள். 'நான்' என்று பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பது தமிழில் தெரியாது. சார் என்பது அவர்களாகப் போட்டுக்கொண்டது.

கடையின் மூத்த மெக்கானிக்குக்கு இது பெரிய வேடிக்கை. ஆள் பீரோ மாதிரி இருப்பார், மீசை இரண்டு கன்னத்தையும் தொடும். வாயைத் திறந்தால் கீச்சென்று மெல்லிய குரல் வரும். எல்லோரும் அவரைப் புல்லாங்குழல் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். "கடவுள் பார்சல மாத்திக் குடுத்துட்டாரு, மேனேஜர்" என்பார் அவளிடம். "உங்களுக்கு வந்தது என்னோடது." அவள் அந்தக் கடையில் வாய்விட்டுச் சிரித்தது அவரிடம் மட்டும்தான்.

மேனேஜர் சாரின் முதல் ரசிகர், எண்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி. ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஒன்பது பத்துக்குக் கூப்பிடுவார். முதலில் பி பிளாக்கில் எந்த வீட்டில் சத்தம், எந்த வீட்டில் ஒழுகல் என்று சொல்லுவார், பிறகு மெல்ல வீட்டு விஷயத்துக்கு வருவார். அவர் மனைவி ஏசியைப் பதினெட்டில் வைக்கிறாராம், இவருக்கு எலும்பு வரை உதறுகிறதாம். "ஆம்பளைக்கு ஆம்பளை சொல்றேன் சார், நான் சொன்னா வீட்ல எடுபடாது. ஏதாவது வழி இருக்கா?" என்று ஒரு நாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவளும் தொழில் சுத்தமாகவே பதில் சொன்னாள். இருபத்து நான்கில் வைத்து, ஏற்றுகிற பட்டனையும் இறக்குகிற பட்டனையும் சேர்த்து அமுக்கினால் ரிமோட் அதிலேயே பூட்டிக்கொள்ளும். மறுநாள் அவர் சந்தோஷத்தில் குழறினார். இந்த வருடம் சங்கத்தின் எண்பது வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உங்கள் கடைக்குத்தான், கமிட்டிக் கூட்டத்துக்கு மேனேஜர் சார் நேரில் வந்தால் போதும் என்றார்.

மாமா இதைக் கேட்டு நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். ஒரு வருடம் பிடிக்க அலைந்த வேலை. "கையெழுத்து ஆகற அன்னைக்கு உன்ன கூட்டிட்டுப் போறேன். இதுதான் சார் உங்க மேனேஜர், என் அக்கா பொண்ணுன்னு நானே எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றார்.

கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. கண்ணாடி முன்னால் கூன் இல்லாமல் நின்று பார்த்தாள். வணக்கம் சொல்லும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்று பழகினாள். செக்ரட்டரி முதலில் திடுக்கிடுவார், பிறகு சிரிப்பார், பிறகு இந்தக் கேள்வியெல்லாம் நீயா கேட்டாய் என்பார். அதற்குச் சொல்லவேண்டிய பதிலைக்கூட யோசித்து வைத்தாள். திரைக்குப் பின்னால் இல்லாமல் வெளிச்சத்தில் நின்று, இது என் குரல், இது என் வேலை என்று சொல்லப்போகிற முதல் நாள் அது.

அன்று காலை இஸ்திரி போட்ட உடையோடு கடைக்கு வந்தபோது, மாமாவின் வெள்ளைச் சட்டையில் புல்லாங்குழல் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் மூச்சுவிடாமல் நின்றன. அவர் முகம் பல் பிடுங்கப் போகிறவர் முகம்.

மாமா அவளைப் பார்க்காமல் சாவியைத் தேடினார். தேடிக்கொண்டே சொன்னார். கமிட்டியில் ஏழு பேர், எல்லாரும் பெரியவர்கள். போனில் பேசியது பள்ளிக்கூடப் பெண் என்றால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் இன்றைக்கு மட்டும், அந்தக் குடியிருப்புக்கு வேலைக்கே போகாத இவர்தான் மேனேஜர். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

"அப்போ நான்?"

"நீயும் வா. பையத் தூக்கிட்டு வா. வாயத் தொறக்காத, குரல் காட்டிக்குடுத்துடும்."

"மாமா, நீங்க சொன்னீங்க."

"இல்லன்னா சொன்னேன்? கையெழுத்து ஆகட்டும், அப்புறம் ஒரு நாள் சொல்லிக்கலாம். எங்க ஓடிப் போகப் போவுது."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஏன் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போகவில்லை என்று பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒருவேளை யாராவது எதையாவது கேட்டு, இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போனால் என்ன செய்வது என்ற கவலைதான்.

குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு நீண்ட அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் மாமா கடை ஆட்களே மாட்டிய ஒரு பழைய ஏசி. செக்ரட்டரி போனில் ஆறடி ஆளாகத் தெரிந்தார், நேரில் அவள் தோளுக்கு வந்தார். புல்லாங்குழலைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் நெனச்ச மாதிரியே இருக்கீங்க சார்." புல்லாங்குழல் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். ஐயோ பாவம், வெந்நீர் குடியுங்கள் என்றார் செக்ரட்டரி. அவளைப் பார்த்து, அந்த ஓரமாக உட்காரு பாப்பா என்றார்.

அவள் ஓரமாக உட்கார்ந்தாள். பை மடியில், முழங்கால் பையின் மேலே.

முக்கால் மணி நேரம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எட்டாம் நம்பர் வீட்டு அவுட்டோர் யூனிட் அதிர்கிறதே, என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். அடியில் ரப்பர் வைக்கச் சொல்லி அவளே ஆள் அனுப்பியிருந்தாள். மாமா கேஸ் குறைந்திருக்கும் என்றார். ஏ பிளாக்கின் கடைசி வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் மதியம் மணி அடிக்கக் கூடாது என்று நோட்டில் சிவப்பில் எழுதி வைத்திருந்தாள். மாமா அந்த வீட்டுக்கு மதியம் இரண்டு மணிக்கே ஆள் வரும் என்று உற்சாகமாக வாக்குக் கொடுத்தார். ஒவ்வொரு தப்புக்கும் அவள் வாய் தானாகத் திறந்து தானாக மூடியது. ஒரு தடவை சத்தமே வந்துவிட்டது, அதை இருமலாக மாற்றினாள். அதுவும் ஆண்பிள்ளை இருமலாக இருந்தது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பேனா மேசைக்கு வந்துவிட்டது. அப்போது, கூட்டம் பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செக்ரட்டரியின் மனைவி கையில் ரிமோட்டோடு எழுந்தார்.

"மேனேஜரே நேர்ல வந்திருக்காரு, இதையும் கேட்டுடறேன். பத்து நாளா இருபத்தி நாலுலயே நிக்குது. எந்தப் பட்டன அமுக்கினாலும் அசையல."

செக்ரட்டரி கூரையைப் பார்த்தார். புல்லாங்குழல் வயர் பிடித்துப் பழகிய நேர்மையான மனிதர். வேலையில் பொய் சொல்லத் தெரியாது. ரிமோட்டை வாங்கி, இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினார். அது கிணிங் என்றது. தொண்டைக் கட்டு ஞாபகம் இல்லாமல் தன் சொந்தக் குரலிலேயே, "ஒண்ணுமில்லம்மா, யாரோ லாக் பண்ணி வச்சிருக்காங்க" என்றார்.

அந்தக் கீச்சுக்குரல் அறையில் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"சார்" என்றார் செக்ரட்டரி மெதுவாக. "அன்னைக்கு நாம பேசினோமே. நீங்கதானே எனக்கு..." மனைவி பக்கத்தில் நிற்பது நினைவு வந்து பாதியில் நிறுத்தினார். பிறகு புல்லாங்குழலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்க மேனேஜர்தானா?"

புல்லாங்குழல் மாமாவைப் பார்த்தார். மாமா பேனாவைப் பார்த்தார். அந்த நேரத்தில்கூட மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று நொடி அவருக்குக் கிடைத்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அவர் இல்ல" என்று எழுந்தாள். பை மடியிலிருந்து சரிந்து, ஸ்பானர்கள் தரையில் கொட்டின. "நான்தான்."

எழுந்து நின்றது உயரமான ஒரு பெண், வந்தது மேனேஜர் சாரின் குரல். ஏழு பேருக்கும் அந்தக் குரல் தெரியும், ஏழு பேர் வீட்டு ஏசியும் அந்தக் குரல் சொன்னபடி ஓடுகிறது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குப் பட்டது, சிரிப்பு பழக்கம்.

செக்ரட்டரியின் முகம் காது வரை சிவந்தது. "ஒரு மாசமா என்ன ஏமாத்தியிருக்கீங்க."

"நான் ஆம்பளைன்னு ஒரு தடவகூடச் சொல்லல. சார்னு கூப்பிட்டது நீங்க."

"இந்த வயசுப் பொண்ணுகிட்ட நான் எதையெல்லாம்..."

மனைவி விடவில்லை. கணவரை விட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தார். "நீ சொல்லு. ரிமோட்ட லாக் பண்ணச் சொன்னது யாரு?"

செக்ரட்டரி அவளைப் பார்த்த பார்வையை அவள் மறக்கவே மாட்டாள். கெஞ்சல் என்றுகூடச் சொல்லலாம். ஒரு வார்த்தையில் அவரைக் கவிழ்த்துவிட முடியும்.

"போன்ல பேசினத வெளில சொல்றதில்லம்மா" என்றாள்.

ஒப்பந்தம் ஒரேயடியாகக் கைவிட்டுப் போகவில்லை. ஏழு பேரும் மூலையில் போய்க் கிசுகிசுத்துவிட்டு வந்தார்கள். ஒரு வருடம் கிடையாது, மூன்று மாதம் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, போனை இனிமேல் பொறுப்பான ஆள் எடுக்க வேண்டும். இதைச் சொன்னது செக்ரட்டரிதான். அவளைப் பார்க்காமல் சொன்னார். மாமா, கண்டிப்பா சார், நாளையிலிருந்து நானே எடுக்கிறேன் சார் என்று மூன்று தடவை தலையாட்டினார். அவள் தரையில் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புல்லாங்குழல் பக்கத்தில் வந்து குந்தினார். குந்தும்போது மாமாவின் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது.

படியில் இறங்கும்போது மாமா வெடித்தார். கையெழுத்து ஆகட்டும் என்றுதானே சொன்னேன், அரை மணி பொறுத்திருந்தால் குடியா முழுகிப்போகும் என்று கேட்டார். வாயைத் திறக்காதே என்றவரிடம் என்ன சொல்வது.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பின்னறை. பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொடுத்து ஃபில்டர் கழுவ விட்டார்கள். மாமா போன் எடுத்தார். அவள் எழுதிய அட்டையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார், ஆனால் பார்க்கவில்லை. மெக்கானிக்குகள் மறுபடி வெட்டியாக மாடி ஏறி, ஸ்டெபிலைசர் ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். ஏ பிளாக்கின் கடைசி வீட்டில் மதியம் மணி அடித்துக் குழந்தையை எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். முன்னறையிலிருந்து மாமா ஜெயிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. அவள் அழுக்குத் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பிடித்தாள். ஒரு பிரஷ் உடைந்தது. மேனேஜர் சார் எங்கே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேலையை விட்டுப் போய்விட்டார் என்று மாமா சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ஐந்தாம் நாள் காலை பதினொன்றரைக்கு மாமா பக்கத்துத் தெருவுக்கு ஒரு அவசர வேலையாகப் போயிருந்தார். மதியச் சாப்பாடு கொண்டுவந்த அத்தை, கேரியரை மேசையில் வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை ஈரக் கையோடு வந்து எடுத்தாள்.

"சொல்லுங்க."

அந்தப் பக்கம் செக்ரட்டரிதான்.

"பாப்பா, அங்க பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

"இருங்க."

ரிசீவரை மேசைமேல் வைத்தாள். பின்னறை வாசலில் நின்ற புல்லாங்குழலைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்தார், அந்தப் பக்கமே வரமாட்டேன் என்பதுபோல. கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். ரிசீவரை மறுபடி எடுத்தாள்.

"சொல்லுங்க."

"யாரு பேசறது?"

"கம்ப்ளெய்ன்ட் எடுக்கறவங்க."

அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பின்னால் எங்கோ அவர் மனைவி, கட்டில் நனைகிறது என்று கத்துவது கேட்டது. அவர் பெருமூச்சு விட்டார்.

"பெட்ரூம் ஏசி. உள்பக்கமா தண்ணி கொட்டுது."

"ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு."

"வெளில தண்ணி போற பைப் முனை எங்க இருக்கு?"

"பால்கனில. செடிக்கு ஊத்தலாம்னு ஒரு பக்கெட்ல விட்டிருக்கேன்."

"பக்கெட் நெறஞ்சிருக்கா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வழியுது."

"பைப் முனை தண்ணிக்குள்ள முழுகினா தண்ணி வெளில போகாது, உள்ளதான் திரும்பும். பைப்ப வெளில எடுத்துட்டு அரை மணி நேரம் கழிச்சுப் போடுங்க. அப்பவும் ஒழுகினா ஆள் அனுப்பறேன்."

"சரி" என்றார். வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இந்த முழு உரையாடலிலும் அவர் அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சார், மாமா கேட்டா நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? பாப்பா எடுத்துச்சுன்னா?"

"எடுத்தாங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் இருமினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. வைத்துவிட்டார்.

மாமா ஒரு மணிக்கு வியர்த்து வழிந்துகொண்டு வந்தார். கேரியரைப் பிரித்து முதல் கவளம் வாய்க்குப் போகும் நேரம் போன் வந்தது. அவள் பின்னறையில் பிரஷை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். மாமா பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. "சொல்லுங்க சார்... அப்படியா சார்... நின்னுடுச்சா... சரி சார், சொல்லிடறேன் சார்." வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்.

அவளால் இருக்க முடியவில்லை. நுரைக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"யாரு மாமா?"

"செக்ரட்டரி. வீட்ல தண்ணி ஒழுகிச்சாம், நின்னுடுச்சாம். அவங்க சொன்னபடி செஞ்சேன், சரியாப் போச்சு, அவங்ககிட்ட சொல்லிடுங்கன்னாரு."

"அவங்கன்னா சொன்னாரு?"

"ஆமா. ரெண்டு தடவ சொன்னாரு." மாமா மென்றுகொண்டே எதிர்க் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். முகத்தில் நிஜமான வியப்பு. "உங்க அத்தைக்கு ஏசி பத்தி இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாது."